ஈசானிய மூலை ஆமை

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே உருகலாக இருக்கிறது. ஒருத்தி டேப் ரெக்கார்டர் படம் போடுகிறாள். இன்னொருத்தன் மைக்கூடு படம் போடுகிறான். உடனே எல்லோரும் கண்ணீர் விடுகிற மஞ்சள் மூஞ்சிகளை அனுப்பி, அந்தக் காலம் இனி வருமா என்கிறீர்கள். வரவே வேண்டாம் என்பது என் கட்சி. நமக்கு முட்டி தேய ஆரம்பித்துவிட்டது, தலைச்சாயம் காதோரம் அரிக்கிறது, இனிமேலாவது உள்ளதைப் பேசலாம். "நீயும் ஒரு ஞாபகம் எழுதேன்" என்று நச்சரித்தீர்கள் அல்லவா, இதோ எழுதுகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

கணபதி ஏரியாவில் எங்கள் வீடு உங்களில் சிலருக்குத் தெரியும். நோட்டு வாங்க வந்து ஹாலில் உட்கார்ந்து, "என்னடி இப்படி நாறுது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நான் சொல்வேன். சாக்கடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாறியது எங்கள் வீட்டு யோகம்.

பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து பம்புசெட்டுக்கு உதிரி வார்க்கிற பட்டறை வைத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு வருடம் ஆர்டர் குறைந்துபோனது. மற்றவர்களுக்கும்தான் குறைந்தது, ஆனால் பெரியப்பாவுக்குத் தன் வீட்டில்தான் கோளாறு என்று தோன்றிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். அவர் வெள்ளை வேட்டியும் கையில் திசைகாட்டியுமாக அறை அறையாக நடந்தார். சமையலறையில் நின்ற அம்மாவை நகரச் சொல்லிவிட்டு அடுப்பையும் அளந்தார்.

ஹாலின் கிழக்கு ஜன்னலில்தான் எங்கள் வீட்டுக்கு வெயில் வரும். எதிர்ச் சந்து நேராக வந்து அந்த ஜன்னலில் முட்டுகிறது, தெருக்குத்து, அடைத்துவிடுங்கள் என்றார். மறுநாளே கொத்தனார் வந்து செங்கல் வைத்துப் பூசிவிட்டார். ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்க வேண்டும், தண்ணீரில் உயிருள்ள ஆமை இருக்க வேண்டும், அதன் தலைக்கு மேல் விளக்கு அணையவே கூடாது என்பது அவருடைய அடுத்த உத்தரவு.

அம்மா மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஏனுங் மாமா, ஆமையெல்லாம் ஊட்டுக்குள்ள ஆகாதுன்னு சொல்லுவாங்களே."

"அது தானா வந்தாத்தான் ஆகாது அம்மிணி," என்றார் பெரியப்பா. "நாமளாக் கொண்டாந்து வெச்சா யோகமாமா. ரண்டும் வேற வேற."

மெத்தப் படித்த மனிதர். இன்ஜினியரிங் டிப்ளமோ. வார்ப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பார். அந்த மூளையை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார் போலிருக்கிறது.

ஆமை வந்தது. உள்ளங்கை அளவு, பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு தீற்றல். அதற்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் நீலச் சாயக் கற்கள், நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட ஒரு குட்டித் தீவு, பின்னால் கடல் படம் அச்சடித்த காகிதம். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு டியூப்லைட். அதன் சோக் பகலும் இரவும் இரைந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போனால் பெரியம்மா எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தொட்டிமேல் பிடிப்பார். அந்த ஜீவனுக்குப் பகல் என்று ஒன்று இல்லை, ராத்திரி என்றும் ஒன்று இல்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும் இருந்தது, அதில் ஒரு துளி சூடு கிடையாது.

இனிமேல்தான் கண்றாவி. வெள்ளிக்கிழமை தோறும் பெரியம்மா ஆமையை எடுத்து ஓட்டில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கரண்டி கரண்டியாகப் பால் ஊற்றுவார். பால் அப்படியே தொட்டிக்குள் ஒழுகும். தண்ணீரை அமாவாசைக்குத்தான் மாற்றலாம் என்பது வாஸ்துக்காரர் வாக்கு. ஆமை பேண்டது, தின்னாமல் விட்ட தீனி, மஞ்சள், குங்குமம், புளித்த பால் எல்லாம் ஒன்றாக ஊறி, மேலே ஆடை கட்டி நிற்கும். விரலை வைத்தால் வழுவழுவென்று ஒட்டும். அடுத்த வெள்ளிக்கு அதற்குள்ளேயே இன்னும் கொஞ்சம் பால்.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. பட்டறைக்குக் கிளம்பும்போது பெரியப்பா தெளித்துக்கொள்வார், பின்னாலேயே அப்பா. வீட்டுக்கு வரும் சொந்தக்கார ஒறம்பரைக்கெல்லாம் ஒரு தெளிப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு நான் கிளம்பியபோது என் தலையிலும் தெளித்து, உதட்டிலும் தடவிவிட்டார் பெரியம்மா. சமூக அறிவியல் பரீட்சையில் நான் பாதியில் எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதை வைத்து ஒரு வருடம் கேலி செய்தீர்களே, இதுதான் காரணம். சீ!

அந்தக் கார்த்திகையில் அத்தை வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. வெள்ளகோவிலில் தறி வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பையோடு வந்து இறங்கினாள். எப்போதும் அரைக்கை போடுகிறவள் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். முகம் கழுவும்போது கையை மடித்துவிட்டாள், நான் பார்த்துவிட்டேன். முழங்கைக்கு மேலே ஊதாவும் பச்சையுமாகத் தடம் தடமாக இருந்தது. நான் பார்த்தது பெரிதில்லை, பெரியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "காப்பி குடிக்கிறயா?" என்றார்கள்.

அத்தை பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நானு திரும்பிப் போகலீங்ணா. பக்கத்து நர்சரி ஸ்கூல்ல ஒரு டீச்சர் தை மாசம் பிரசவத்துக்குப் போறாங்களாமா, என்னை வரச் சொல்லீருக்கறாங்க. இங்கயே ஒரு மூலைல இருந்துக்கறனுங்ணா."

"தை வரைக்கும் இரு அம்மிணி. பொறவு பாக்கலாம்," என்றார் பெரியப்பா.

அத்தை இருப்பாளா, அந்த மனிதனிடமே திரும்பிப் போவாளா என்பது மட்டும்தான் அப்புறம் வீட்டில் கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதுகூட அந்தக் கேள்வி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். பூரி சுடும்போது முதல் பூரியை ஊதி ஊதி என் கையில் கொடுப்பாள். வந்த புதிதில் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். ஆமை கண்ணாடியில் கைகளை வைத்து, கழுத்தை நீட்டி, டியூப்லைட்டைப் பார்த்துத் துழாவிக்கொண்டிருந்தது.

"பாவம் கண்ணு, இதுக்குப் பொழுது விடியறதுமில்ல, சாயறதுமில்ல," என்றாள். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, "உங்க பெரியம்மா இதைக் கும்புடறாங்களா, ஊறுகா போடறாங்களா?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

மார்கழி பிறந்தது. நம் ஊர்ப் பனி உங்களுக்குத் தெரியாதா, விடிகாலையில் மலைக்காற்று வந்து காதை அறுக்கும். ஜன்னலை அடைத்த அந்த ஹால் பகலிலும் குளிர்ந்து கிடந்தது. தரையில் கால் வைத்தால் ஜில்லென்று ஏறும். ஆமை தீனியை நிறுத்தியது. போட்ட தீனி உப்பி மிதந்தது. ஆமை அடியில் நீலக் கற்களின்மேல் அசையாமல் கிடந்தது, எப்போதாவது ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டுவிட்டுப் போனது. கண்கள் வீங்கி, வெள்ளைத் தோல் மூடியது போல் ஆகிவிட்டன.

முதலில் பெரியம்மாவுக்கு ஒரே பரவசம். "மார்கழி விரதம் இருக்குதுங்க!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கோலம் போட வந்த பெண்கள் ஈரக்கையோடு வந்து ஹாலில் விழுந்து கும்பிட்டார்கள். விரதம் இருக்கிற ஆமைக்கு இரண்டு பங்கு பால் ஊற்றினார்கள். வாடை மாடிப்படி வரைக்கும் ஏறியது. நான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிடுவேன்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் ஒரு லோடு வார்ப்பு திரும்பி வந்தது. வார்க்கிற அச்சு மணலில் ஈரம் அதிகமாகிவிட்டது என்று அப்பாவே அம்மாவிடம் சொன்னார். எல்லா உதிரியிலும் குமிழி. ஆனால் ஹாலுக்கு வந்ததும் ஈரமணல் பேச்சு நின்றுவிட்டது. விரதம் இருந்த ஆமை ஒரே நாளில் கோபித்துக்கொண்ட ஆமையாகிவிட்டது. வாஸ்துக்காரரை மறுபடி கூப்பிட்டார்கள்.

அவர் வந்து தொட்டிப் பக்கம் குனிந்தவர் சட்டென்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்தினாரே, நான் பார்த்தேன்! ஆனால் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊட்டுக்குப் புதுசா ஆராச்சும் வந்திருக்கறாங்களாங்க?"

எல்லோருடைய கண்ணும் சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே அத்தை காப்பித் தட்டோடு நின்றிருந்தாள்.

"அதானுங்க," என்றார் அவர். "கட்டிக்குடுத்த பொண்ணு பொறந்த ஊட்டுல தங்குனா ஈசானியம் அடைச்சுப் போகுமுங்க. அது எப்புடி வாயத் தொறக்கும்? அம்மிணியைப் புருசன் ஊட்டுக்கே நல்லபடியாத் தாட்டியுடுங்க, ஆமை தன்னால திங்கும்."

அத்தை தட்டை மேசையில் வைத்தாள். அந்தக் காப்பியை அந்த ஆள் எடுத்துக் குடித்தார், இனிப்புக் கம்மி என்றும் சொன்னார். அப்பா விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா கெட்டவர் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்று அந்த மின்விசிறியைப் பார்த்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

இதை நடுவில் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுத் தம்பதி இதே ஜாதி ஆமை ஒன்று வளர்க்கிறார்கள். அதன் தொட்டிமேல் இரண்டு விளக்கு. ஒன்று வெயில் போலச் சூடு கொடுக்கும், அதன் அடியில் ஒரு கல், ஆமை ஏறிக் குளிர்காய்கிறது. இன்னொன்று வெயிலில் இருக்கிற ஏதோ ஒரு கதிரைக் கொடுக்கும், அது இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடுமாம். காலையில் தானாக எரிந்து சாயங்காலம் தானாக அணைந்துவிடுகிறது. தண்ணீருக்கும் ஒரு ஹீட்டர். "ராத்திரின்னா அதுக்கு இருட்டு வேணுமுங்க ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். சூடு குறைந்தால் ஆமைக்குச் செரிக்காது, அதனால் தின்னாது. பகல் குறைகிற குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருந்தாலும் சிலது மந்தமாகிவிடும். இதுதான் விஷயம். இதில் ஈசானியம் எங்கே இருக்கிறது, என் அத்தை எங்கே இருக்கிறாள்?

ஆனால் இவ்வளவும் தெரியாமலே அத்தை கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான் கொடுமை. வாஸ்துக்காரர் போன மறுநாள், பெரியம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம், ஆமையை ஒரு பிளாஸ்டிக் பேசினில் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாய்த் தண்ணீரில் மஞ்சளையும் பிசுக்கையும் கழுவினாள். விரலால் அழுத்தினால் ஓட்டின் ஓரம் லேசாக உள்ளே போனது.

"எங்க அப்புச்சி ஊர்க் கெணத்து மேட்டுல ஆமைக காலைல வரிசையா வெயில் காயும் கண்ணு. அதுவும் உசுருதான, இதுவும் உசுருதான," என்றாள்.

வெயிலில் வைத்தோம். முதலில் கல் போலக் கிடந்தது. வெயில் ஏற ஏறக் கழுத்து வெளியே வந்தது. பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து, முகத்தைத் தூக்கி அப்படியே கிடந்தது. அப்படி ஒரு சுகத்தை அந்த வீட்டில் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. அத்தை ரோஜாத் தொட்டி மண்ணைக் கிளறி ஒரு மண்புழு எடுத்துப் பேசினில் போட்டாள். ஆமை திரும்பிப் பார்த்தது. மெதுவாக நகர்ந்தது. படக்கென்று கவ்வியது!

"திங்குதுங்கத்தை! திங்குது!" என்று நான் குதித்தேன். அத்தைக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "இனி உங்க பெரியப்பா ஒண்ணும் சொல்ல முடியாதில்ல?" என்றாள். சின்னப் பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். வேறு யாரைக் கேட்பாள்?

கோவிலிலிருந்து திரும்பி, துணி காயப்போட மேலே வந்த பெரியம்மா பேசினையும் மண்புழுவையும் பார்த்து ஐயோ என்று கத்தினார். பெரியப்பா பட்டறையிலிருந்து வரவழைக்கப்பட்டார். அப்பாவும் வந்தார்.

"மூலையை உட்டு எடுத்துப்போட்டியே அம்மிணி," என்றார் பெரியப்பா. அவர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"திங்குதுங்ணா. வெயில்ல வெச்சாத் திங்குது. நீங்களே வந்து பாருங்ணா, இன்னொரு புழு போட்டுக் காட்டறேன்."

"மார்கழில அது வாயில புழுவைப் போட்டியா நீ?" என்று பெரியம்மா வாயில் அடித்துக்கொண்டார்.

பேசின் நான்கடி தூரத்தில் இருந்தது. ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு இன்னொரு புழுவுக்கு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தராவது குனிந்து பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஒரு எட்டு முன்னால் வந்தாள், அப்பா பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள். ஆமையைக் கீழே கொண்டுபோய், தோஷம் போகட்டும் என்று ஒரு செம்பு பாலைக் கொட்டி, அந்த நாற்றத்துக்குள்ளேயே மறுபடி விட்டார்கள். டியூப்லைட் எரிந்தது. பெரியப்பா வெள்ளகோவிலுக்குப் போன் போட்டார்.

பொங்கல் கழிந்து அத்தையை அழைத்துப்போக மாமா வந்தார். தொட்டிக்குப் பக்கத்துச் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டார். "கொழம்பு நல்லா இருக்குது," என்று விரல்களை நக்கினார். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். அவருக்கும் பெரியம்மா தீர்த்தம் தெளித்தார். அவர் பக்தியாகத் தலையைக் குனிந்து காட்டினார். தூ!

அத்தை அழவில்லை. கிளம்பும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "தண்ணியாச்சும் மாத்தச் சொல்லு கண்ணு," என்றாள். அப்பா பையைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போ சாமி," என்றார். சாமியாம். அன்று சாயங்காலம் பக்கத்து நர்சரி பள்ளியிலிருந்து ஆயா வந்து, புது டீச்சர் திங்கட்கிழமை வருவாரா என்று கேட்டுப் போனார்.

மாசி முடிந்தது. பங்குனி வெயில் ஏறியது. அந்த அடைத்த ஹாலும் அடுப்புப் போல ஆனது. ஒரு நாள் காலை தொட்டியில் சலசலவென்று சத்தம். ஆமை போட்ட தீனியை எல்லாம் தின்றுவிட்டு இன்னும் வேண்டுமென்று தென்னை மரத்தை முட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பா துள்ளினார் என்றுதான் சொல்ல வேண்டும். "பாத்தீங்களா! பாத்தீங்களா! அவ போய்ப் பொழைச்சுக்கிட்டா, இதுவும் வாயத் தொறந்துபோட்டுது!" என்று பட்டறை ஆட்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். என் வாயிலும் ஒன்றைத் திணித்தார். பால் வாடைக்கு நடுவே அந்த இனிப்பும் ஒட்டலும் வாய்க்குள் போனதும் எனக்கு வயிற்றைப் பிரட்டி, அங்கேயே ஹால் நடுவில் வாந்தி எடுத்தேன். வெயில் சூடு என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். அன்று முதல் எனக்கு ஜாங்கிரி ஆகாது.

அடுத்த வருடமும் மார்கழி வந்தது. ஆமை ஓடு கோணிக்கொண்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பனி விழுந்ததும் போன வருடம் போலவே தீனியை நிறுத்திவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டில் யாரும் பதறவில்லை. பட்டறையில் ஆர்டர் குவிந்திருந்தது.

பொங்கல் நோம்பிக்கு அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை இளைத்திருந்தாள். யாராவது பேசினால் இடது காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாள். வலது காதுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஹாலில் எல்லோரும் சாப்பாட்டுக்குக் காத்து உட்கார்ந்திருந்தோம். அவள் தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றாள். உப்பி மிதந்த தீனியைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, ஆமை திங்கறதில்லீங்களா?"

பெரியப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது பனிக்கு அப்படித்தான் அம்மிணி. வெயில் வந்தாத் தன்னால திங்கும்."

அத்தை நிமிர்ந்தாள். காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்கும்படி, ஆனால் மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னாள்.

"போன வருசமும் பனி பேஞ்சுதுங்களே அண்ணா."

பெரியப்பா செய்தித்தாளை மடித்தார். இலை போடச் சொன்னார்.